மழை ஈரத்தோடு இறங்கிய பழங்கள்

எஸ்குயினாபா மாம்பழக் கிடங்கில் வெந்நீர்த் தொட்டி ஒதிலியாவின் பொறுப்பு. பழ ஈயின் முட்டை சாக வேண்டும், பழம் வேகக் கூடாது. மழையில் பறித்த காயென்றால் ஒரு நாள் நிழலில் கிடத்தி, அதன் ஈரம் வற்றிய பிறகுதான் தொட்டியில் இறக்குவாள்; ஈரத்தோடு இறக்கினால் காய் வெந்து கெட்டுவிடும். காய் பிரிக்கும் நாங்கள் அவசரப்பட்டால் வாய் ஓயாமல் திட்டுவாள்.

அவள் கணவன் ரோக்கே பதினொரு வருடமாக எல்லைக்கு அப்பால், லாஸ் ஏஞ்சல்ஸ் பழச்சந்தையில் பெட்டி இறக்குகிறான். முறையான காகிதம் இல்லாதவன். இங்கே வந்தால் திரும்பிப் போக முடியாது. வராவிட்டால் இவளைப் பார்க்க முடியாது. இவள் தொட்டியில் இறங்கிய பழப் பெட்டிக்குப் பதினேழாம் எண் முத்திரை. அந்த எண்ணைக் கண்டால் ஒரு பழம் வாங்கி வைத்துக்கொள்வான்.

ஆகஸ்டு பதினாறு, அவன் பெயர் கொண்ட புனிதரின் திருநாள். பழம் போய்ச் சேர்ந்து கனிய எட்டு நாளாகும். எட்டாம் தேதி லாரி வாசலில் நின்றது. காலையில் பறித்த காய்க் கூடைகளில் மழைநீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு இறக்குடி. இதுக்குத்தானே எங்களத் திட்டுவ?" என்றேன்.

"நாளைக்குன்னா அவன் நாளு போயிடும். அன்னிக்காவது அந்த மனுஷன் என் கை பட்டதத் தின்னட்டுமே."

"பழத்துக்குத் தெரியுமா உன் புருஷன் பேரு?"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே கூடையை வெந்நீரில் இறக்கிவிட்டாள்.

திருநாளன்று சாப்பாட்டு வேளையில் அவன் அழைத்தான். எல்லோரும் கேட்கட்டும் என்று போனை மேஜைமேல் வைத்தாள்.

"பழம் கெடச்சுதாய்யா?"

"இப்பத்தான் தின்னுக்கிட்டிருக்கேன் புள்ள. தேன்!"

போனில் அவனுக்குப் பின்னால் யாரோ ஒருவன் சிரித்தான்: "என்னண்ணே, தோலு கருகிக் கெடக்கு! உள்ள வெள்ளை வெள்ளையா கல்லு மாதிரி இருக்கு. தூக்கிப் போடுங்க!"

"போடா அந்தப்பக்கம்! என் வீட்டுப் பழம்டா இது."

ஒதிலியாவின் முகம் செத்துப்போனது.

"துப்பிடுய்யா. நான்தான் அவசரப்பட்டுட்டேன். ஈரத்தோட இறக்கி அவிச்சிட்டேன்."

"கொட்டை வரைக்கும் தின்னாச்சு. இப்ப என்ன துப்புறது?"

"அடுத்த லாரில நல்லதா அனுப்பறேன். ஒரு நாள் ஆறப்போட்டு அனுப்பறேன்."

"ஒரு நாள் என்ன, ரெண்டு நாள் போடு புள்ள. நான் எங்க போகப்போறேன், இங்கதான இருப்பேன்."

அதுவரை அடக்கியிருந்தவள் அந்தச் சொல்லில்தான் உடைந்தாள்.