மாவட்டம் காஜாவை முற்றுகையிட்டபோது

போன வாரம் ஆபீஸ் கேண்டீனில் தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே போனைத் திறந்தால், ஊர் வாட்ஸப் குழுவில் மாவட்டம் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறார். வெள்ளை வலைத்தொப்பி. கையில் நோன்புக் கஞ்சிக் கிண்ணம். இரண்டு பக்கமும் தாடி வைத்த பெரியவர்கள், நடுவில் இவர், முகத்தில் பிறந்ததிலிருந்தே கஞ்சிதான் குடித்து வளர்ந்தவர் மாதிரி ஒரு சாந்தம். கீழே ரோஜாப்பூவெல்லாம் வைத்து ‘நல்லிணக்க நாயகர்’ என்று போட்டிருந்தார்கள். எனக்குப் புரையேறிவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண் என் தலையில் தட்டி என்ன ஆச்சு என்று கேட்டாள். மாவட்டம் கஞ்சி குடிக்கிறது என்றேன். நான் ஏதோ புதுக்கவிதை சொல்வதாக நினைத்துக்கொண்டு அவள் டிபன் பாக்ஸை மூடிவிட்டாள்.

அவளுக்குச் சொல்ல முடியாததை உனக்குச் சொல்கிறேன், கேள்.

எங்கள் திருவள்ளூர் பக்கம் கட்சிக்காரர்களுக்குப் பெயரே கிடையாது. பதவிதான் பெயர். மாவட்டச் செயலாளர் என்றால் மாவட்டம். ஒன்றியச் செயலாளர் என்றால் ஒன்றியம். ‘மாவட்டம் இன்னும் எழுந்திருக்கல’ என்பார்கள். ‘ஒன்றியத்துக்கு சுகர் ஏறிப்போச்சு’ என்பார்கள். ஒருமுறை மாவட்டமும் ஒன்றியமும் ஒரே ஷேர் ஆட்டோவில் போனதாக என் அப்பா சொன்னபோது எனக்கு வயது எட்டு. பூகோளப் பரீட்சையில் ஃபெயில் ஆனதற்கு இன்றைக்கும் அதைத்தான் காரணம் சொல்கிறேன்.

பி.இ. முடித்து, சிப்காட்டில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்து, அது முடிந்து, கும்மிடிப்பூண்டி லோக்கல் கேபிள் சேனலில் சேர்ந்தேன். சீஃப் ரிப்போர்ட்டர் என்று கார்டு அடித்துக் கொடுத்தார்கள். எனக்குக் கீழே ஒரு ரிப்போர்ட்டரும் கிடையாது, மேலேயும் கிடையாது. கேமரா, ட்ரைபாட், மழை வந்தால் கேமராவுக்குக் குடை, மூன்றும் நானே. மாவட்டம் எங்கே மைக் பிடித்தாலும் அங்கே நான் இருக்க வேண்டும் என்பது ஓனர் உத்தரவு.

அந்தப் பேச்சுகளை நீ கேட்டிருக்க வேண்டும். வேண்டாம், கேட்காததே நல்லது. ஆர்.கே.பேட்டையில் மாங்காய் விலை விழுந்தால் அதற்குப் பாய்கள் காரணம். கடம்பத்தூரில் ரயில் லேட்டானால் அதற்கும் அவர்களே. தன் சொந்த மச்சினி வீட்டை விட்டுப் போய்க் கல்யாணம் செய்துகொண்டதைக்கூட மேடையில் அந்தக் கணக்கில் சேர்த்தார். மாப்பிள்ளை பெயர் முருகன் என்று ஒன்றியம் காதில் கிசுகிசுத்தார். “பேரை மாத்தி வச்சிருப்பான்யா” என்றார் மாவட்டம், மைக்கை மூடாமலே. கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் மறுநாள் பார்த்தால் அந்தந்த ஊரில் பாய் கடைகளில் கொஞ்சம் கூட்டம் குறைந்திருக்கும். எல்லோரும் ஜோக் என்றுதான் சொன்னார்கள். கடை மாற்றியதும் அதே ஆட்கள்தான்.

அப்புறம் அவருக்கு வெளிநாட்டு விவகாரம் பிடித்துக்கொண்டது. உள்ளூர் பாய்களைத் திட்டித் திட்டி அலுத்துவிட்டது போல. “பாலஸ்தீனக்காரன் பழவேற்காடு வரைக்கும் வந்துட்டான்” என்று ஒரு நாள் முழங்கினார். இரண்டும் ‘ப’வில் ஆரம்பிக்கின்றன என்பதைத் தவிர வேறு ஆதாரம் அவரிடம் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. பழவேற்காட்டுக்காரர் ஒருவர் அந்த மேடைக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து மைக்செட் மிக்ஸரின் குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தார். அவர்தான் காஜா பாய்.

வயருக்கு ஈயம் வைக்கும் சால்டரிங் அயர்னில் ரோசின் மெழுகைத் தொட்டால் ஒரு புகை வருமே, தலைவலியும் கோயில் கற்பூரமும் கலந்த மாதிரி, அந்த வாசனை எங்கே வந்தாலும் எனக்கு காஜா பாய் கடைதான். கும்மிடிப்பூண்டி பஜாரில் பத்துக்குப் பன்னிரண்டு கடை. ‘காஜா சவுண்ட் சர்வீஸ்’. எல்லாக் கட்சிக்கும் அவர் செட்டுதான். அம்மன் கோயில் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கும், கிறிஸ்மஸுக்கும், மஞ்சள் நீராட்டுக்கும். ஒவ்வொரு பெட்டியிலும், ஒவ்வொரு குழாய் ஸ்பீக்கரிலும், ஜெனரேட்டரிலும்கூட வெள்ளை பெயிண்டில் காஜா, காஜா, காஜா. நான் கேமராவுக்கு ஆடியோ எடுக்க அவர் மிக்ஸரில்தான் வயரைச் சொருகுவேன். அதனால் எல்லாக் கூட்டத்திலும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இந்த ஆள் உங்களைத்தானே திட்டுகிறார், உங்களுக்கு ஒன்றும் ஆகாதா என்று ஒருமுறை கேட்டேன்.

“பேச்சு எனக்கு காதுல ஏறாது நைனா. பாஸு எவ்ளோ, ட்ரெபிள் எவ்ளோ, அவ்ளோதான் கேக்கும்.”

சரி, போருக்கு வருவோம்.

முதல் தாக்குதல் எங்கள் திருவள்ளூர் பக்கத்து ஆரணியில் நடந்தது. மாவட்டத்தின் கையில் யாரோ எழுதிக் கொடுத்த தாள். அதில் காசா என்று சரியாகத்தான் எழுதியிருந்தது. “காசா யாருக்கும் கெடையாது! காசான்னு வந்துட்டா இரக்கமே காட்டக் கூடாது!” என்று ஆரம்பித்தார். வேனில் அழைத்து வரப்பட்டிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்து, “காசு இல்லன்னா இன்னாத்துக்குயா வேன் வச்சு இட்டுக்கினு வந்தீங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. மாவட்டம் பேசி முடிப்பதற்குள் பந்தலில் பாதி காலி.

வேனில் திரும்பும்போது ஒன்றியம் யோசனை சொன்னாராம்: அந்த ‘சா’ இங்கிலீஷில் இஜட், அதனால் ஸ்டைலாக காஜா என்று சொல்லிவிடலாம், குழப்பமே வராது.

வரவில்லை பார். அடுத்த கூட்டம் கும்மிடிப்பூண்டி பஜாரில், சாயங்காலம். ஆரம்பத்திலேயே மைக் வீல் என்று ஒரு கீச்சுக் கீச்சியது. மாவட்டம் முகத்தைச் சுளித்தார். காஜா பாய் எதையோ திருகினார், அடங்கியது. மாவட்டம் தொண்டையைச் செருமிக்கொண்டு முழங்கினார்: “காஜாவ தரைமட்டம் ஆக்கணும். ஒரு செங்கல் மிஞ்சக் கூடாது. காஜாவுக்கு தண்ணிய நிறுத்து. கரண்ட நிறுத்து. அப்பதான் அடங்குவான்.”

மொத்தப் பஜாரும் மிக்ஸரைத் திரும்பிப் பார்த்தது.

பாய் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பேச்சைக் கேட்டுவிட்டார். மெதுவாக எழுந்து கையைத் தூக்கி, “சார், அது வயரு லூஸு சார். சரி பண்ட்டேன்” என்றார். மேடையில் இருப்பவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது என் ரெக்கார்டிங்கில்கூட விழுந்திருந்தது.

“இன்னாத்துக்குடி அந்த பாயி மேல இவ்ளோ கோவம்?”

“மைக்கு கீச்சுன்ச்சு இல்ல, அதுக்குத்தான்.”

“அதுக்கா ஊட்ட இடிப்பாங்க? மேடைல கீற இந்தாளுக்கு ஒரு வேலை குட்த்தா தெரியும்.”

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல ஜோக். காலையில் ஒன்றியம் ஓடிப்போய் மாவட்டத்திடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். மாவட்டம் யோசித்தார். நான் சொன்னது வேறு காஜா என்றால் தலைவருக்கு உச்சரிப்பு வராது என்றாகிவிடும். அந்தக் காஜா மேல் எனக்குக் கோபமில்லை என்றால் பாயிடம் மன்னிப்புக் கேட்டதாக எதிராளி நோட்டீஸ் அடிப்பான். இரண்டையும் விட, காஜா மேல் நிஜமாகவே கோபப்பட்டுவிடுவது சுலபமாக இருந்தது. மறுநாள் பஜார் முழுக்கப் போஸ்டர்: ‘காஜாவுக்கு இறுதி எச்சரிக்கை’.

கட்சிப் பையன்கள் மாவட்டத்தின் பேச்சை அப்படியே அமல்படுத்தினார்கள். தண்ணி கேன் போடுகிறவரைத் தடுத்தார்கள். பாய்க்குக் கடையை வாடகைக்கு விட்டிருந்தவர் பயந்துபோய் பியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நாலு பேர் காவல். தெருவில் பைப் புதைக்க யாரோ தோண்டிவிட்டுப்போன பள்ளம் ஒன்று பாய் கடைப் பக்கம் போனது. அது சுரங்கப்பாதை என்று போட்டோ எடுத்துப் போட்டார்கள். நான் உள்ளே இறங்கிப் பார்த்தேன். ஒரு செருப்பு கிடந்தது, அதுவும் சின்னப் பிள்ளை செருப்பு.

பக்கத்துக் கடை தனலட்சுமி அக்காவுடையது. காலை நாஷ்டாவும் சாயங்காலம் போண்டாவும். இரண்டு கடைக்கும் பொதுச்சுவர், அதில் எப்போதோ எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு என்று இடித்த ஓட்டை. அந்த ஓட்டை வழியாக அக்கா இட்லி, தண்ணி பாட்டில், ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் எல்லாம் உள்ளே தள்ளினார். காவலுக்கு நின்ற பையன்கள் அதே நேரம் முன்பக்கம் அவரிடம்தான் பொங்கல் தின்றுகொண்டிருந்தார்கள். “எம்மா நேரம்தான்டா நிப்பீங்க, காலு வலிக்கப் போவுது, உள்ள வந்து குந்துங்க” என்று அவர்களுக்கு உபசாரம் வேறு. மூன்றாவது நாளோ என்னவோ, அதில் ஒருத்தன் தலையைச் சொறிந்துகொண்டே ஓட்டை வழியாக ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரை நீட்டினான். பாட மாட்டேன் என்கிறதாம். பாய் சரிபண்ணிக் கொடுத்தார். அவன் மறுபடி வாசலுக்குப் போய், அந்த ஸ்பீக்கரிலேயே மாவட்டத்தின் பேச்சைப் போட்டுக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்தான். சத்தியமாகச் சொல்கிறேன்.

நானும் கேமராவோடு அக்கா கடைப் பின்கதவு வழியாக உள்ளே போய் உட்காருவேன். போலீசில் எழுதிக் கொடுக்கலாமே பாய் என்றேன். மாவட்டம் ஏதோ வெளிநாட்டு ஊரைத்தானே திட்டினார், உனக்கு ஏன் எரிகிறது என்று போலீஸ் கேட்டால் என்ன பதில் சொல்வேன் என்றார் பாய். அரை இருட்டில் போனை வைத்துக்கொண்டு அந்த ஊரின் வீடியோக்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு அவர் போனில் ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட்டைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

“அங்கயும் மொதல்ல தண்ணி, கரண்டத்தான் நிறுத்தினாங்களாம் நைனா. எனக்கு அக்கா கீது, ஓட்டைல இட்லி வருது. அங்க ஓட்டைக்கு அந்தாண்ட யாரு கீறாங்க?”

நான் கேமராவை ஆஃப் செய்துவிட்டேன்.

கடைசியில் சமாதானப் பேச்சுவார்த்தை. இடம் அக்கா கடை பெஞ்சு. மாவட்டத்தின் சார்பில் ஒன்றியம். ஒன்றியம் கெட்ட மனிதர் இல்லை. இரண்டு போண்டாவைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டு, தின்னாமல், கோரிக்கையைச் சொன்னார். போர்டில் இருக்கும் பேரை மட்டும் மாற்றிவிட்டால் போதும். காஜா காலி என்று மாவட்டம் மேடையில் சொல்லிக்கொள்வார், பையன்கள் கலைந்துவிடுவார்கள், கடை அப்படியே நடக்கும், அடுத்த வாரம் ஆர்.கே.பேட்டை கூட்டத்துக்குச் செட்டும் பாயே போடலாம். வேறு செட்டில் மாவட்டத்தின் குரல் ஆடு மாதிரி கேட்கிறதாம்.

“ரெண்டே எழுத்து பாய். பெயிண்டர நானே அனுப்புறேன்.”

மறுத்தால் பாய்க்குக் கடை கையை விட்டுப் போய்விடும் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அவருக்கு வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள், இந்தப் பஜாரை விட்டால் வேறு தொழிலிடம் கிடையாது. நானே உள்ளுக்குள் மாத்திடு பாய், மாத்திடு பாய் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“அந்தாளு பேசறது கடைசி வரிசைக்கும் கணீர்னு போவணும்னு, இத்தினி வருஷம் நான்தான், ஒன்றியம், திருகிக்கினு குந்தினு இருந்தேன்” என்றார் பாய். “இப்பதான் காது கேக்குது. காஜா தரைமட்டம் ஆய்ட்ச்சுன்னு போய் சொல்லு. தரைமட்டம் ஆன எடத்துலேர்ந்து செட்டு வராது.”

ஒன்றியம் போண்டாவைத் தின்னாமலே எழுந்து போனார்.

இரண்டு நாளில் ஒரு குட்டியானை வண்டி வந்தது. ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றி, கயிறு கட்டி, பஜார் வழியாக ஓட்டினார்கள். வண்டியின் பின்புறம் முழுக்க காஜா, காஜா, காஜா என்று வரிசையாகப் போனது. காவலுக்கு இருந்த பையன்களே தூக்கி ஏற்ற உதவினார்கள். எங்கே நிற்பது என்று தெரியாமல் அவர்கள் கொஞ்ச நேரம் காலிக் கடை வாசலிலேயே நின்றார்கள்.

ஆர்.கே.பேட்டையில் மாவட்டம் வெற்றி அறிவித்தார். ஆடு மாதிரிதான் கேட்டது. நல்ல கைதட்டல். அடுத்த வருஷம் கட்சி மாறினார். மாறியதும் எங்கள் ஓனருக்குப் போன் வந்தது, பழைய பேச்செல்லாம் எதற்கு என்று. யூடியூப்பில் இருந்ததை ஓனர் நீக்கினார். ஹார்ட் டிஸ்கையும் காலி செய்து காதுகுத்து வீடியோக்களை ஏற்றினார். நான் அப்போது வேலையை விட்டிருந்தேன். ஆரணிப் பேச்சு இல்லை, ஆர்.கே.பேட்டைப் பேச்சு இல்லை, பஜாரில் இரண்டு பெண்கள் நியாயம் பேசியதும் இல்லை. யாராவது கேட்டால் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை. அக்கா இப்போது மகளோடு செங்குன்றத்தில் இருக்கிறார். பாய் பழவேற்காட்டில் மச்சான் வீட்டில் கொஞ்ச நாள் இருந்தாராம், அப்புறம் எங்கே என்று அங்கேயும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது.

அந்தக் கஞ்சிப் போட்டோவைப் பார்த்த அன்றைக்கு ஆபீஸ் முடிந்து பஸ்ஸில் வரும்போது, ஒருவேளை வேறு எங்காவது கடை போட்டு மேப்பில் ஏற்றியிருப்பாரோ என்று போனில் காஜா என்று அடித்தேன். நான் தப்பாக அடித்துவிட்டேன் என்று போன் தானாகவே காசா என்று எழுத்தைத் திருத்தியது. திருத்திவிட்டு ஒரு போட்டோவைக் காட்டியது. சாம்பல் நிறத்தில் கல், கம்பி, கல். பெரிதாக்கிப் பார்த்தேன். கடைத்தெரு இருந்த இடம் என்று கீழே எழுதியிருந்தது.