இதில் லாரி எங்கே?

திட்ட அட்டவணை போடுவதும் ஒரு வேலைதான் என்று சொந்தக்காரர்களுக்குப் புரியவைப்பது கடினம். கட்டுகிறவர் கட்டுகிறார், ஓட்டுகிறவர் ஓட்டுகிறார், நாம் மட்டும் யார் எதை எப்போது செய்வார்கள் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். இதே வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. "எந்த மென்பொருள் வாங்கலாம், நீயே பார்த்துச் சொல்லு" என்று ஒருநாள் உங்கள் தலையிலும் கட்டியிருப்பார்கள்.

என் தலையில் கட்டியவர் எங்கள் முதலாளி ராகவன் சார். குளிர்சாதன வேலை எடுத்துச் செய்யும் சிறிய நிறுவனம். சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். சாங்கியில் ஒரு சரக்குக் கிடங்கின் நான்கு குளிர் அறைகளுக்குப் புது இயந்திரங்கள் மாட்டும் வேலை வந்திருந்தது. கிடங்கை மூட முடியாது. குழாய், கம்பி எல்லாவற்றையும் முன்கூட்டியே தயார் செய்துகொள்ளலாம். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி அறையைக் குளிரவைப்பது மட்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில், காலை ஏழிலிருந்து இரவு எட்டுக்குள். எட்டுக்குப் பிறகு மீனும் பழமும் வந்து இறங்கும். முதல் அறையை நேரத்துக்குள் கொடுத்தால் மீதி மூன்றும் எங்களுக்கு. தவறினால் வேறு ஆளுக்கு.

அந்த ஒரு அறைக்கே இருநூற்றுப் பதினாறு வேலைகள். எக்செல் தாளில் ஒன்றை நகர்த்தினால் மற்றதை நகர்த்த மறந்துபோனேன். மென்பொருள் வேண்டும் என்று கேட்டது நான்தான். ஆகவே தவறினால் யாரைக் கேட்பார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் உண்மையைச் சொன்னால், அந்த வாரங்களில் நான் காலையில் அலுவலகத்துக்கு ஆசை ஆசையாக ஓடினேன்.

நாற்பத்தொன்பது கேள்விகள்

விற்க வருகிறவர்களிடம் கேட்பதற்காக ஒரு பட்டியல் தயாரித்தேன். பாதுகாப்பு, அறிக்கை, அனுமதி, பிரதி என்று நான்கு பக்கம். ராகவன் சார் தே தாரிக் தேநீரை ஆற்றிக்கொண்டே படித்தார். பிறகு பேனாவை எடுத்து மூன்றைத் தவிர எல்லாவற்றையும் அடித்தார். ஒரு வேலை தள்ளிப்போனால் அதை நம்பியிருக்கும் வேலைகள் தானாகத் தள்ளிப்போகுமா? இணையம் கிடைக்காத இடத்திலும் இயங்குமா? எங்கள் ஃபோர்மேன் செல்வராசு கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு கட்டைவிரலால் இயக்க முடியுமா?

மிச்சம் நாற்பத்தாறும் முக்கியம் சார் என்றேன். அவர் தாளை மடித்து என் கையில் கொடுத்தார்.

"மூணு போதும்மா. நாப்பத்தொம்பது கேட்டா அவங்க பொய் சொல்லியே பழகிடுவாங்க லா."

கேக்கும் பலூனும்

முதலில் வந்த இளைஞர் திரையில் ஒரு பிறந்தநாள் விழாவைத் திட்டமிட்டுக் காட்டினார். கேக் ஒரு ரோஜா நிறப் பட்டை, பலூன் ஒரு நீலப் பட்டை. கேக்கை இரண்டு நாள் தள்ளி இழுத்தார். பலூன், அழைப்பிதழ், மேஜை நாற்காலி எல்லாம் வரிசையாகப் பின்னால் நகர்ந்தன. மூன்று வருடமாக மூளையைக் கசக்கி நான் செய்துகொண்டிருந்த காரியம் ஒரு நொடியில் கண்முன் நடந்தது. கைதட்டியிருப்பேன், ராகவன் சார் பக்கத்தில் இருந்தார்.

இணையம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். சிங்கப்பூரில் அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று இளைஞர் சிரித்தார். ராகவன் சார் சிரிக்கவில்லை.

"எங்க குளிர் அறைக் கதவு ஒரு சாண் கனம், தம்பி. உள்ள போய்க் கதவைச் சாத்துனா சாமிக்கே சிக்னல் கிடைக்காது."

செல்வராசு பார்த்தார்

இரண்டாவது மென்பொருள் இணையம் இல்லாமலும் இயங்கியது. சோதனைக்காக ஒரு மாதம் கொடுத்தார்கள். இருநூற்றுப் பதினாறு வேலைகளையும் ஏற்றினேன். கழற்றும் குழு, குழாய்க் குழு, மின்சாரக் குழு என்று முப்பது பேரையும் ஏற்றினேன். காலை ஏழு மணிக்கு மூன்று பட்டைகளும் ஒன்றாகத் தொடங்கி, இரவு ஏழு ஐந்துக்கு அறை குளிர்ந்து முடிந்தது. ஐம்பத்தைந்து நிமிடம் மிச்சம். அச்சடித்துச் சுவரில் ஒட்டலாம் போல் இருந்தது.

கைக்கணினியைத் தூக்கிக்கொண்டு சாங்கிக்குப் போனேன். செல்வராசு பட்டுக்கோட்டைப் பக்கம். பதினாறு வருடமாக இங்கே வேலை, மற்ற ஆட்களோடு துவாஸ் தொழிலாளர் விடுதியில் இருக்கிறார். சாப்பாட்டுப் பொட்டலத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கட்டைவிரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். மறுபடி மேலே போனார். எதையோ தேடுகிறார் என்று தெரிந்தது.

எங்களிடம் இருப்பது ஒரே லாரி. அதில் ஒரு நடைக்குப் பதினைந்து பேர்தான் ஏறலாம். துவாஸ், சிங்கப்பூர்த் தீவின் மேற்குக் கோடி; சாங்கி, கிழக்குக் கோடி. இது எனக்குத் தெரியாததல்ல. அந்த லாரிக்குச் சாலை வரி கட்டுவதே நான்தான்.

"எல்லாம் இருக்கு மேடம். இதுல லாரி எங்க? ஏழு மணிக்குப் பாதிப் பேரு துவாஸ் கேட்டுலல்ல நிப்பாங்க!"

லாரியின் முகவரி

மென்பொருள் விற்றவர் சென்னையிலிருந்து வந்து வேலை பார்ப்பவர், எதற்கும் பதில் வைத்திருப்பவர். லாரியை எங்கே போடுவது என்று தொலைபேசியில் கேட்டேன். ஆளாகப் போட்டுவிடுங்கள் மேடம், ஓர் ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்பது மென்பொருளுக்குத் தெரியும் என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் ஆளாகச் சேர்க்க மின்னஞ்சல் வேண்டும். லாரிக்கு ஒரு மின்னஞ்சல் தொடங்கினேன். பிறந்த தேதி கேட்டது; பதிவுச் சான்றிதழைப் பார்த்துப் போட்டேன்.

அது வேலை செய்தது என்றால் நம்புவீர்களா? இரண்டு நடைகளையும் அது தனித்தனியாக அடுக்கியது. இரண்டாம் நடை வந்து சேரும்போது காலை மணி எட்டு நாற்பது. முடிவு நேரம் தானாகவே இரவு எட்டே காலுக்குப் போய்ச் சிவப்பானது. கிடைத்த சிவப்பைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். வேலை நடக்கும் ஞாயிற்றுக்கிழமை தெரியவேண்டியது பல வாரம் முன்பே தெரிந்துவிட்டது. ஆனால் நான்கு நாள் கழித்து மென்பொருள் லாரியைப் பூட்டிவிட்டது, அட்டவணை சிதறியது. விற்றவரை அழைத்தேன். அவர் கொஞ்ச நேரம் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு மிகுந்த பணிவோடு சொன்னார்.

"மேடம், உங்க லாரி இன்னும் பாஸ்வேர்டு மாத்தல."

முழுவதும் பச்சை

மூன்றாவதில் வண்டி, கிரேன், ஏணி எல்லாவற்றுக்கும் தனி இடம் இருந்தது, மின்னஞ்சல் கேட்கவில்லை. முடிந்த வேலையைத் தொட்டால் பச்சையாகும். குழாய், கம்பி தயார் செய்யும் ஒரு நாளில் குழுவிடம் கொடுத்துப் பார்த்தோம். காலை பத்தரைக்கு என் திரையில் அன்றைய வேலைகள் முழுவதும் பச்சை. பதறிப்போய் செல்வராசுவை அழைத்தேன். குழாய்க் குழுவில் ஒருவர் தன் வேலையைத் தொட்டுவிட்டு, பார்க்க அழகாக இருக்கிறதென்று கீழே உள்ளவற்றையும் தொட்டுக்கொண்டே போயிருக்கிறார். முன்னது முடியாமல் பின்னதைத் தொட முடியாதபடி பூட்டும் வசதி அதில் இருந்தது. அன்று மதியமே போட்டுவிட்டேன்.

"அவனைத் திட்டாதீங்க மேடம். நான்தான் சொன்னேன், ஆபீசுல பச்சையப் பாத்தாதான் சிரிப்பாங்கன்னு."

விடுமுறைப் பட்டியல்

அந்த மென்பொருளில் நாட்டைத் தேர்ந்தெடுத்தால் பொது விடுமுறைகள் தானாக ஏறும். சிங்கப்பூர் என்று அழுத்தினேன். எனக்கு ஒரு வேலை மிச்சமானது. விடுமுறை ஏதும் இல்லாத ஒரு ஞாயிறைத் தேர்ந்தெடுத்து, கிடங்கின் மேலாளர் மிஸ் டானுக்கு அனுப்பினேன். லாரியை ஐந்தரைக்கே கிளப்பி, முதல் நடையில் கழற்றுபவர்களையும் கிரேன்காரர்களையும் ஏற்றியிருந்தேன். முடிவு ஏழு இருபது. சிறு பெருமிதத்தோடு செல்வராசுவிடம் தேதியைச் சொன்னேன். அன்றைக்கு நம் ஆட்களில் பதினோரு பேர் பால்குடம், இரண்டு பேர் காவடி, அதில் ஒருவன் நான் என்றார்.

தைப்பூசம். இங்கே பொது விடுமுறை இல்லை. ஆகவே பட்டியலில் இல்லை. சிராங்கூன் சாலையில் வருடா வருடம் பால்குடம் எடுக்கும் நான், அந்த ஞாயிற்றுக்கு என் பெயரையும் எப்போதோ பதிந்துவிட்டிருந்தேன். என் கைத்தொலைபேசி அதை நினைவூட்டிக்கொண்டும் இருந்தது. திரையைப் பார்த்தவள் சொந்த வாழ்க்கையைப் பார்க்கவில்லை.

மிஸ் டானை நேரில் போய்ப் பார்த்தேன். அதற்கடுத்த வாரங்களில் சீனப் புத்தாண்டுச் சரக்கு, தள்ளிப்போட வழியில்லை. ஒரு வாரம் முன்னால் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஏழு நாள் போயிற்று. அவர் மேஜையில் தேக்கா மளிகைக் கடை ஒன்றின் நாட்காட்டி நின்றது. அதைத் திருப்பி, சிவப்பு வட்டமிட்ட அந்த ஞாயிறை விரலால் தட்டினார்.

"இது எனக்கு இலவசமாகக் கிடைத்தது. உங்களுடையது என்ன விலை?"

அந்த ஞாயிறு

நாட்காட்டியை நானே கையால் நிரப்பினேன்: தைப்பூசம், தீமிதி, விடுதியில் தண்ணீர் வராத நாள் வரை. மூன்றாவது மென்பொருளையே வாங்கினோம். முன்னால் இழுத்த ஞாயிறும் வந்தது.

காலை ஏழரைக்கு, இரண்டாம் நடையில், என் திரையில் லாரியின் பட்டை மஞ்சளானது. விரைவுச்சாலையில் விபத்து, ஓட்டுநர் நாற்பத்தைந்து நிமிடம் தாமதம் என்று தொட்டிருந்தார். கண்முன்னே எல்லாப் பட்டைகளும் வலப்பக்கம் நகர்ந்தன. கேக்கும் பலூனும் போலத்தான், ஆனால் இந்தத் தடவை கைதட்டத் தோன்றவில்லை. முடிவு இரவு எட்டு ஐந்து. சிவப்பு. கைக்கணினியை செல்வராசு முன்னால் நீட்டினேன். அவர் ஒரு பட்டையின் மேல் கட்டைவிரலை வைத்தார். குழாய்க் குழு வரும்வரை கிரேன் சும்மாதான் நிற்கும். இரண்டாவது இயந்திரத்தையும் இப்போதே தூக்கி வைத்துவிடலாம், முதல் நடை ஆட்களே போதும் என்றார். இழுத்து வைத்தேன். ஏழு நாற்பது. பச்சை. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

உண்மையில் முடிந்தது ஏழு நாற்பத்தாறுக்கு. மிஸ் டான் ஒரு சாண் கனக் கதவைத் திறந்து உள்ளே போய், வெப்பமானியில் இரண்டு டிகிரியைப் பார்த்துவிட்டு, கைகளைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார். முதல் மீன் பெட்டிகள் வாசலுக்கு வந்திருந்தன. ராகவன் சார் அந்த அம்மாள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ் டான் திரும்பியது என் பக்கம்.

"அடுத்த அறைக்கு எந்த ஞாயிறு? லாரியைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்."

இப்போது நான்காவது அறைக்கு வந்திருக்கிறோம். மென்பொருளில் இருக்கும் முப்பது பேரும் ஒரு லாரியுமாகச் சேர்ந்த எங்கள் குழுவில், பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று இதுவரை என்னிடம் வந்து நிற்காதது லாரி மட்டும்தான்.