மூன்று கம்பெனிகளை ஒரே மேசையில் உட்கார வைத்தவள்

வேலை வாங்குவதில் மெஹ்ஜபினுக்கு இணையாகத் திருப்பூரை ஒட்டிய அருள்புரத்தில் ஆள் கிடையாது. மறுக்கிறவர்கள் மறுக்கட்டும், பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருந்தாள். நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம், தையல் வேறிடம். அத்தனை பேரையும் விரட்டிச் சரக்கைச் சொன்ன தேதியில் கப்பலேற்றுவது அவள் பொறுப்பு.

கம்பெனி முதலாளி நூருல்லாவுக்கு ஓர் ஆசை வந்தது. வெளியூரிலிருந்து தையலுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் போனிலேயே பாடம் பார்த்துப் படிக்க வேண்டும். அதை மெஹ்ஜபினிடம்தான் ஒப்படைத்தார்.

"பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள ஓடணும்மா. இல்லீன்னா பெங்களூர்க் கம்பெனிக்காரங்க கேட்டுட்டே இருக்காங்க, மொத்தமா அவங்களுக்கே கொடுத்துருவேன்" என்றார்.

அவள் பார்த்து அனுப்பிய சரக்கு ஒன்றுகூட இந்த ஊரில் தங்கியதில்லை. இது ஊருக்குள்ளேயே இருக்கப் போகிறது. இதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வருமா?

பாடத்தைப் படம் பிடித்து ஏற்றும் வேலையைத் தரணீதரன் கம்பெனிக்குக் கொடுத்தாள். போனில் ஓடும் செயலி சசிகுமாருக்கு. எந்தப் பிள்ளை எதுவரை படித்தது என்று சேர்த்து வைப்பது நித்தீஷுக்கு. ஒருவனைப் பற்றி இன்னொருவனிடம் மூச்சு விடவில்லை. திருப்பூர் வழக்கம் அது. பிரிண்டிங்காரரும் தையல்காரரும் கைகோத்து நேரே முதலாளியிடம் போய்விட்டால், நடுவில் நிற்பவர் பிழைப்பு என்னாவது?

வெள்ளோட்டம் பார்க்க, தெற்கேயிருந்து வந்த டெய்லர் ராஜபாண்டியின் வீட்டுக்குப் போனாள். அவர் மகள் அபிராமி உதட்டைப் பிதுக்கினாள்.

"நேத்து அப்பா போன்ல பாதிப் பாடம் பாத்தேன்க்கா. அப்பா ஷிப்டுக்குப் போயிட்டாக. அம்மா போன்ல எடுத்தா, நீ யாருன்னு கேக்குது. மறுபடி முதல்லேருந்து ஓடுது."

மெஹ்ஜபின் மூவருக்கும் போன் போட்டாள். மூவரும் ஒரே பாட்டுப் பாடினார்கள்.

"எங்க பக்கம் சரியாத்தான் இருக்குங்கக்கா."

"அப்ப புள்ள மேலதான் தப்புங்களா?" என்று கேட்டு வைத்தாள்.

யோசித்துப் பார்த்தாள். துணி என்றால் இவரிடம் வாங்கி அவரிடம் கொடுத்துவிடலாம், சாயத்தின் ஷேடு மாறினால் கண்ணுக்குத் தெரியும். இது கைக்கு அகப்படாத சரக்கு. நடுவில் சுவராக நிற்பது தான்தான் என்பது அவளுக்கு உறைத்தது. சுவரை எடுத்தால் தன் இடம் போகலாம். எடுக்காவிட்டால் பாடம் ஓடாது.

மறுநாளே மூவரையும் சாம்பிள் அறைக்கு வரவழைத்து ஒரே மேசையில் உட்கார வைத்தாள். நூருல்லாவும் வந்து உட்கார்ந்தார். பேசப் பேசத்தான் வெளியே வந்தது. நித்தீஷ் பிள்ளையைப் பெயர் வைத்து அடையாளம் கண்டான், சசிகுமார் போன் நம்பர் வைத்து.

"போன் மாறுனா புள்ளையே மாறிருமாப்பா?" என்றார் நூருல்லா.

"புள்ளைக்குன்னு ஒரே நம்பர் கொடுத்துரலாங்க, எந்தப் போன்ல வந்தாலும் அதுதான்" என்றான் சசிகுமார். "செவ்வாய்க்கிழமை முடிச்சுரலாம்."

நூருல்லா தாடியைத் தடவிக்கொண்டார். "இவ்வளவு ஒத்துமையாப் பேசறீங்களே. இனி நேரா எங்கிட்டயே பேசிக்கலாமே. நடுவுல எதுக்கு ஆளு?"

மெஹ்ஜபின் பயந்தது நடந்துவிட்டது. கெஞ்சுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

தரணீதரன்தான் பேசினான். "வேண்டாங்க பாய். நீங்க கேட்டா, ஆச்சுங்க ஆச்சுங்கன்னு சொல்லியே தப்பிச்சுக்குவோம். அக்காகிட்ட அது நடக்காதுங்க."

"ஞாயித்துக்கிழமை சோத்துல கை வச்சாக்கூடப் போன் வந்துருதுங்க" என்றான் நித்தீஷ்.

நூருல்லா சிரித்துவிட்டார். "அப்ப பெங்களூருக்கு என்னம்மா சொல்றது?"

"இப்போதைக்கு வேண்டாம்னு சொல்லுங்க பாய்" என்றவள், சசிகுமார் பக்கம் திரும்பினாள். "செவ்வாய்க்கிழமைன்னீங்களே, காலையிலயா, சாயங்காலமா?"

"சாயங்காலங்கக்கா..."

"காலையில."

செவ்வாய்க்கிழமை காலையில் அபிராமி, அப்பா போனில் விட்ட பாடத்தை அம்மா போனில் பாதியிலிருந்து பார்த்தாள். மெஹ்ஜபின் பக்கத்தில் நின்றது பாடத்தில் மூழ்கியிருந்த அவளுக்குத் தெரியவேயில்லை.