அடி இளகிய பித்தளை

எனக்கு ஒரு கண்தான். வலது கண் இருந்த இடத்தில் கோலிக்குண்டு மாதிரி ஒன்றை வைத்து அனுப்பினார்கள். உறுத்துகிறது என்று கழற்றி டப்பாவில் போட்டுவிட்டேன். எப்படிப் போனது என்று யார் கேட்டாலும், "பவுடர் ஜாஸ்தி போட்டுட்டேன், வெடிச்சிருச்சி" என்பேன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் இந்தக் கதைதான். அது பொய். யாருக்காக அந்தப் பொய்யைச் சொன்னேனோ அவள், என் பெண்டாட்டி, போன தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி உண்மையைச் சொல்வதால் அவளுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஊருக்கு வெளியே, ஏரியைத் தாண்டி, குன்றை ஒட்டி ஒரு ரைபிள் கிளப் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து காரில் வந்து, அட்டையில் ஒட்டிய காகிதத்தைச் சுட்டுவிட்டுப் பிரியாணி தின்று திரும்புவார்கள். முதலில் நான் அங்கே வேலிக்கருவை வெட்டப் போனேன். அப்புறம் சுட்டுப் போட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகளைப் பொறுக்கினேன். அப்புறம் பட்டறைக்குள் உட்கார வைத்தார்கள். என் அப்பனும் அவன் அப்பனும் அடுத்தவன் கழனியில் குனிந்தே செத்தவர்கள். எங்கள் தெருவில் நிழலில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

வேலை இதுதான். கிளப்பில் பழைய ரைபிள் ஒன்று இருந்தது. அதற்கான தோட்டா எந்தக் கடையிலும் வருவதில்லை. வேறொரு ரைபிளில் சுட்ட பித்தளைக் கூடுகளை எடுத்து, நீளத்தைக் குறைத்து, அச்சில் வைத்து அழுத்தி, இந்த ரைபிளுக்கு ஏற்ற உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கெல்லாம் கிளப்புக்கு அனுமதி உண்டு. அழுத்தும்போது பித்தளை விறைத்துப்போய்க் கழுத்தில் விரிசல் விடும். அதனால் கூடுகளைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்திவைத்து, கழுத்தை மட்டும் நெருப்பில் காட்டுவோம். கழுத்து இளக வேண்டும், அடி இளகவே கூடாது. சுடும்போது வருகிற மொத்த வேகத்தையும் தாங்குவது அந்த அடிதான். அது இளகிவிட்டால் வெடிப்பு முன்னால் போகாமல் சுடுகிறவன் மூஞ்சிக்கே திரும்பும். இளகிய பித்தளையும் இறுகிய பித்தளையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் இதில் உள்ள பேஜார்.

பவுடர் அளப்பதும் நான்தான். சின்னத் தராசில் ஒருமுறை போட்டு, தட்டிவிட்டு, மறுபடியும் ஒருமுறை போடுவேன். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். கிளப் செயலாளரையே, "சார், வாய மூடிக்கினு வெளிய நில்லு" என்று சொல்லியிருக்கிறேன். அவரும் நின்றார். வேறு எதில் நான் சறுக்கியிருந்தாலும் அளவில் சறுக்கியதில்லை. என் பெருமை என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. கிளப்பில் போட்டி வைத்திருந்தார்கள். பழைய ரைபிளுக்கு உருமாற்றிய கூடுகள் ஒரு பை நிறைய எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்தன. வழக்கமாகக் கழுவி வெயிலில் உலர்த்துவோம். வெயில் எங்கே? பட்டறைக் கூரையே ஒழுகியது. வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். எல்லாம் வெறும் பித்தளை, பவுடர் ஒன்றும் இல்லை.

"குடுய்யா இங்க. வெள்ளிக்கெயம சொம்பு தேய்க்கற கை இது. நீ போய்ப் படு" என்று என் பெண்டாட்டி பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

காலையில் எழுந்து பார்த்தால் முறத்தில் கூடுகள் பளபளவென்று சிரித்தன.

"இன்னாமே, கடையில வாங்கனாப்ல கீது!"

"பின்ன? உன்ன மாதிரி அரகொறையா செய்வனா?"

"மளைல எப்பிடிக் காஞ்சிது?"

"தொடச்சி அடுப்பாண்ட வெச்சன். நாஷ்டா துன்னுட்டுக் கெளம்பு."

அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் ஒன்றும் ஆகாது. கிளம்பிவிட்டேன்.

புதிதாக உருமாற்றிய கூடுகளில் முதலாவதை நானே நிரப்பி, நானே சுட்டுப் பார்ப்பது வழக்கம். அன்றைக்கும் ஒன்றை மட்டும் நிரப்பினேன். ஒருமுறைக்கு இருமுறை அளந்தேன். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டிருந்தேன். விசையை அழுத்தியதும் சத்தம் முன்னால் போகவில்லை, என் முகத்துக்குள் வந்தது. கண்ணாடி பிய்ந்து எங்கேயோ போனது. தடுக்கிக் கீழே விழுந்தபோது மழைத்தண்ணீரில் என் கை துழாவிக்கொண்டே இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

சென்னையில் கண்ணாஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கிடந்தேன். எனக்கு அங்கே ஒரே யோசனைதான். அளவு சரி. கழுத்தை நான்தான் நெருப்பில் காட்டினேன், தண்ணீர்த் தட்டும் இருந்தது. பிறகு எப்படி வெடித்தது? கண் போனதைவிட அந்தக் கேள்விதான் என்னை அரித்தது. அவள் இட்லியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டே அழுதாள்.

"நான் இன்னாய்யா கொற வெச்சன்? ஈரமா போனா உனுக்குக் கஷ்டமாச்சேன்னு, அடுப்பாண்ட வெச்சும் காயலன்னுட்டு, இரும்புச் சட்டில கொட்டி, வெறகத் தள்ளி, கடலக்கா வறுக்கறாப்ல நல்லா வறுத்தன்யா. கருத்துப் பூட்ச்சேன்னு மறுக்கா புளி போட்டுத் தேய்ச்சன். அவ்ளோ பாத்துப் பாத்துச் செஞ்சும் அந்த சாமிக்குக் கண்ணு இல்ல பாரு."

என்னை அரித்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அடியும் கழுத்தும் சேர்ந்தே இளகியிருக்கின்றன. நெருப்பில் கிடந்ததைக் காட்டிக்கொடுக்கும் கறுப்பையும் புளி தின்றுவிட்டது. அடப்பாவி மகளே என்று கத்த வாயெடுத்தேன். கத்தவில்லை. அவளைப் பற்றி எனக்குத் தெரியும்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரு ஆட்டுக்குட்டி வளர்த்தாள். யூரியா கரைத்த வாளியைக் கழுவாமல் அதிலேயே தொட்டித் தண்ணீரை மோந்து வைத்தாள், அதைக் குடித்துக் குட்டி செத்துப்போனது. நாள்கணக்கில் சோறு தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாள். கிணற்றுப் பக்கம் போனால் நான் பின்னாலேயே போக வேண்டியிருந்தது. ஓர் ஆட்டுக்குட்டிக்கே அப்படி என்றால் புருஷன் கண்ணுக்கு என்ன செய்வாள்? நினைக்கவே பயமாக இருந்தது.

செயலாளர் அன்று மத்தியானமே வந்துவிட்டார். அவள் பக்கத்திலேயே நின்றாள்.

"ரைபிள்ல கோளாறு இல்லைப்பா, பாத்துட்டோம். பித்தளையில ஏதாவது?"

அவள் என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"பித்தள நல்லாதான் சார் இருந்திச்சி. பவுடர் ஜாஸ்தியாப் பூட்ச்சி. அளக்கறப்ப கவனம் தப்பிடுச்சி."

"நீயா? உன் அளவா?" அவரால் நம்ப முடியவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஆமா சார். மீதிக் கூடுங்கள யாரும் நெரப்பாதீங்க. எல்லாத்தையும் சுத்தியால நசுக்கி எடைக்குப் போட்டுடுங்க."

"பித்தளை நல்லா இருந்துச்சுன்னு சொல்றியே?"

"ராசி இல்லாதது சார். தொடாதீங்க."

அவர் சத்தியம் செய்த பிறகுதான் பிடித்திருந்த அவர் கையை விட்டேன். அவர் போனதும் அவள் டிபன் பாக்ஸை டங்கென்று வைத்தாள். "கஸ்மாலம்! நான் சாமியத் திட்டிக்கினு கீறன், நீதான் உன் கண்ண நோண்டிக்கினியா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். கோபத்தில் அழுகை நின்றுபோனது. சரி, பிழைத்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டறை வேலை போனது. செங்கல் சூளையில் காவலுக்கு உட்கார்ந்தேன், மறுபடியும் வெயிலில். தெருவில் கேலிக்குக் குறைவில்லை. டீக்கடையில் நான் சர்க்கரை டப்பாவைத் தொட்டால், "வாணாம்பா, கிளாஸ் வெடிச்சிரும்" என்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். உள்ளே எரியும். இவர்கள் சொல்வதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், அவள் வாயால் கேட்பதுதான் தாங்காது. சோற்றுக்கு உப்பு போட்டாலும், மாட்டுக்குத் தவிடு அள்ளினாலும், "நீ போடாத, உன் அளவு ஊருக்கே தெரியும்" என்பாள். அந்த இரும்புச் சட்டியில் கடலை வறுத்துக்கொண்டே சொல்வாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் சட்டியைப் பிடுங்கி வாசலில் வீசினேன். "இன்னாய்யா புச்சா ரோசம்?" என்று எடுத்துவந்து அடுப்பில் வைத்தாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று வாய்வரைக்கும் வரும். வெளியே போய் ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவேன்.

அப்புறம் அவளுக்கு நுரையீரலில் வியாதி வந்தது. காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் அலைந்தோம். கடைசியில் வீட்டுக்கே கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். வலிக்கு ஒரு சிரப் கொடுத்தார்கள், மூடியில் கோடு போட்டிருக்கும், அதற்கு மேல் போகக்கூடாது. நான் பாட்டிலை எடுத்தால் விடமாட்டாள். "குடு, நான் ஊத்திக்கறன். என்னையும் வெடிக்க வெச்சிடாத" என்று நடுங்குகிற கையால் அவளே ஊற்றுவாள். பாதி புடவையில் கொட்டும். நான் துடைத்துவிடுவேன்.

கடைசியாக ஒருநாள் கை எழும்பவில்லை. கண்ணால் பாட்டிலைக் காட்டினாள். ஜன்னல் பக்கம் போய், இருக்கிற ஒரு கண்ணுக்கு நேராக மூடியைப் பிடித்து ஊற்றினேன். கோட்டில் சரியாக நின்றது. ஒரு பொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவளிடம் காட்டினேன். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தாள்.

"சரியாதான் ஊத்திகீற" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "அன்னிக்கும் இப்பிடிப் பாத்து அளந்திருக்கலாம் இல்லய்யா?" என்றாள்.

"அளந்திருக்கலாம்மே" என்றேன்.

அவள் வாயைத் திறந்தாள். சிந்தாமல் ஊற்றினேன்.