ஆறரை மணி டீ

டீ குடித்தால் முடி கொட்டாது என்று எனக்குச் சொன்னவர் என் தாய்மாமா. சொல்லும்போதே அவருக்கு நெற்றி பாதி மண்டை வரைக்கும் ஏறியிருந்தது. எலும்பு கெட்டியாகும், கண் தெளியும், படித்தது மறக்காது என்றும் சொன்னார். நாளுக்கு ஒரு பலன். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. சந்தேகப்படத் தெரியாது. தவிர, சொல்வதற்கு முன்பே கையில் ஒரு மசால்வடை வாங்கிக் கொடுத்திருப்பார்.

மாமா தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தார். அந்த வருஷம் உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்துவிட்டு, நேராக முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அத்தை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு "லீவு" என்றாள் அம்மா. பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்த மாசம் அது.

மாமா வந்த மறுநாளிலிருந்து எனக்கு ஒரு வேலை. சாயங்காலம் ஆறரை ஆனால் அவரோடு டீக்கடைக்குப் போய்வர வேண்டும். வீட்டுப்பாடம் பாக்கி இருந்தாலும் அம்மா விடமாட்டாள். "மாமா தனியாப் போறாரு பாரு, கூடப் போய்ட்டு வா" என்பாள். நாற்பது வயசு ஆள் தனியாகப் போனால் என்ன என்று நான் கேட்டதில்லை. வடை இருந்தது.

எங்கள் தெருமுனையிலேயே ஒரு டீக்கடை உண்டு. அங்கே டீத்தூள் சரியில்லை என்பார் மாமா. ஒரு நாளும் அங்கே அவர் குடித்துப் பார்த்ததில்லை. கடையை ஒட்டினாற்போல் ஒரு பார் இருந்தது. இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. நாங்கள் எதிர்ப்பக்கமாகத் திரும்பி, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டைச் சுற்றி, மெயின் ரோட்டைக் கடந்து, ரொம்ப தூரம் தள்ளி இருந்த கடைக்குப் போவோம். ரோட்டைக் கடக்கும்போது மாமா என் கையைப் பிடிப்பார். கடந்த பிறகும் விடமாட்டார். அவர் உள்ளங்கை ஈரமாக இருக்கும், விரல்கள் லேசாக ஆடும். போனதும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. அது முடிந்ததும் இன்னொன்று.

"ரெண்டாவது டீ ஈரலுக்கு" என்பார்.

"டாக்டர் சொன்னாரா மாமா?"

"டாக்டருக்கு இன்னா தெரியும்? நான் சொல்றேன்."

அந்தச் சமயத்தில்தான் வகுப்பில் டீச்சர், உடம்புக்கு நல்லது செய்யும் ஏதாவது ஒரு உணவைப் பற்றி ஆளுக்கு இரண்டு நிமிஷம் பேசச் சொன்னார். எல்லோரும் கீரை, முட்டை, பால் என்று பேசினார்கள். நான் எழுந்து டீயைப் பற்றிப் பேசினேன். மாமா சொன்ன பலன்களில் ஒன்றைக்கூட விடவில்லை. டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அளவா குடிச்சா நல்லதுதான். ஆனா சாப்பாட்டோட சேத்துக் குடிக்கக் கூடாது, கீரையில இருக்கிற இரும்புச்சத்து உடம்புல ஒட்டாது. முடி கொட்டாதுன்னு உனக்கு யாரு சொன்னது?" என்றார்.

"எங்க மாமா டீச்சர்."

எங்கள் தெருவில் இருந்து வரும் ஒருத்தி பின் வரிசையில் எழுந்து நின்றாள். "அவங்க மாமா குடிகாரரு டீச்சர். குடிச்சிக் குடிச்சித்தான் ஆஸ்பத்திரில சேத்தாங்க."

வகுப்பே சிரித்தது. டீச்சர் அவளை அதட்டி உட்காரவைத்தார். எனக்கு அதற்குப் பிறகு அன்றைக்கு நடந்த பாடம் ஒன்றும் காதில் ஏறவில்லை.

சாயங்காலம் ஆறரைக்கு மாமா சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். "நான் வரமாட்டேன்" என்றேன். அம்மா சமையல்கட்டில் இருந்தபடி அதட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "இவரு குடிகாரருன்னு கிளாஸ்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் இவரு கூடப் போவ மாட்டேன்."

மாமா பட்டன் போட்டுக்கொண்டிருந்தார். மேல் பட்டனில் கை அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்க்கவில்லை. "சரிம்மா, நீ படி" என்றார். பிறகு செருப்பைத் தேடிக்கொண்டே அம்மாவிடம், "நான் மட்டும் போய்ட்டு வந்துட்றேன்க்கா. தூரமா போவல, பக்கத்துலதான்" என்றார்.

பக்கத்துல என்ற சொல் கேட்டதும் அடுப்பு அணைகிற சத்தம் கேட்டது. குழம்பு பாதியில் இருந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நைட்டிமேல் ஒரு துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இருடா. நானும் வரேன்."

"நீ எங்கக்கா வருவ?"

"எனக்கும் டீ வேணும்."

அம்மா அதுவரை எந்த டீக்கடையிலும் நின்றதில்லை. கடை வாசலில் ஆண்கள் கூட்டமாக இருந்தால் எதிர்சாரிக்குப் போய் நடப்பவள். வீட்டில் பாலும் இருந்தது, டீத்தூளும் இருந்தது. அவர்கள் சொல்தா வீட்டுப் பக்கம் திரும்புவதை வாசலில் நின்று பார்த்தேன். என்னைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை.

மாமா நாலு மாசம் எங்கள் வீட்டில் இருந்தார். பிறகு அத்தை வந்து கூட்டிப்போனார். இடையில் ஒரே ஒரு தடவை தவறிக் குடித்துவிட்டார் என்று ரொம்ப நாள் கழித்துக் கேள்விப்பட்டேன். அதற்கப்புறம் இன்றுவரை இல்லை. இப்போது அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. டாக்டர் டீயைக் குறைக்கச் சொல்கிறார்.

அம்மா கூடப் போன அன்றைக்கு இருவரும் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள். ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அதற்குள் செய்தி தெருவுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னாக்கா, ஆம்பளைங்களோட நின்னு கடையில டீ குடிச்சீங்களாமே?"

"ஆமா, நல்லா இருந்துது" என்றாள் அம்மா.

மறுநாள் ஆறரைக்கு நான் முகம் கழுவி, தலை சீவி, செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன். அம்மா, "நீ படி" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்தாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். வீட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு, என்னையும் விட்டுவிட்டு, தன் தம்பியோடு கடைகடையாகச் சுற்றி டீ குடிக்கிற அம்மாவை அந்த மாசம் முழுக்க நான் மன்னிக்கவில்லை.