ராஜவேலு மாட்டிய பைப்

கோட்டைக்குப்பத்தில் ராஜவேலுவைக் கை சும்மா இருக்காத ஆள் என்பார்கள். போட்டு என்ஜின், தையல் மிஷின், மிக்ஸி, எது கிடைத்தாலும் பிரித்துப் போடுவான். திரும்பச் சேர்ப்பது பாதிதான். என் மிக்ஸி இன்னும் அவன் வீட்டு மூலையில்தான் கிடக்கிறது. அலையில் விழுந்து இடுப்பு போனபின் கடலை விட்டுவிட்டு ஒரு பழைய வேன் வாங்கினான். நண்டுக் கூடையோடு எங்களைப் பொன்னேரி மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போவது அவன்தான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் முனியம்மாளாகிய என் இடம். வேறு யாராவது அங்கே உட்கார்ந்தால் மார்க்கெட் வரைக்கும் என் வாயைக் கேட்டுக்கொண்டே வர வேண்டியதுதான்.

அந்த வண்டி ஒரு சனியன். பிஸ்டன் ரிங் தேய்ந்து என்ஜினுக்குள் கேஸ் நிறைந்துவிடும். அது வெளியேற ஒரு சின்ன பைப் உண்டு, பிரீதர் என்பான். அந்த பைப் ஏர் பில்டரில் போய்ச் சேரும். கேஸோடு ஆயிலும் ஏறி, பில்டர் ஊறி, வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். நாங்கள் கூடையோடு இறங்கித் தள்ளுவோம்.

ஒருநாள் ராஜவேலு அந்த பைப்பைப் பிடுங்கித் தொங்கவிட்டான். வண்டி ஓடியது. ஆனால் என்ஜின் இருப்பது முன்சீட்டுக்கு அடியில். ஆயில் புகை முழுக்க உள்ளே வந்தது. நாங்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டோம். அவன் பெண்டாட்டி லோகநாயகிக்கு வீசிங். திருப்பாலைவனம் வருவதற்குள் அவளுக்குக் கண் சொருகிவிட்டது.

"டேய் ராஜவேலு, இன்னாடா வண்டி இது? கட்டினவளக் கொல்லப் பாக்கிறியா?" என்று கத்தினேன்.

அந்தப் பேச்சு அவனைக் குத்திவிட்டது. மறுநாள் வேனுக்கடியில் படுத்தவன் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவே இல்லை. ஒரு ஊறுகாய் ஜாடி, அதற்குள் பாத்திரம் தேய்க்கும் கம்பி நார். என்ஜின் கேஸ் ஜாடிக்குள் வரும், ஆயில் நாரில் தங்கிவிடும். மிச்சக் காற்று போக ஒரு நீள பைப்பை வண்டிக்கு அடியிலேயே ஓட்டி, பின்பக்க பம்பருக்குக் கீழே வாயைத் திறந்துவிட்டான். அதற்குப் பிறகு வண்டிக்குள் புகையும் இல்லை, நாற்றமும் இல்லை. லோகநாயகி முன்சீட்டில் மகாராணி மாதிரி உட்கார்ந்து வந்தாள்.

"இன்னாக்கா, இப்ப சொல்லு" என்றான்.

"என் மிக்ஸிய எப்ப தருவே? அத்த நீ சொல்லு" என்றேன். லோகநாயகி மூச்சு வாங்காமல் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் வெகுநாள் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். காற்று கிளம்பினால் கரையேற்றிய போட்டு என்ஜினின் குழாய் வாயைத் துணி வைத்து அடைத்து, வலை நரம்பால் கட்டிவிடுவோம். உப்புத்தண்ணீர் உள்ளே போனால் என்ஜின் காலி. பக்கத்தில் இருப்பது பெண்ணோ பிள்ளையோ, கட்டிவிட வேண்டும். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. ஸ்டார்ட் பண்ணுகிறவன் முதலில் வாயைத் தடவிப் பார்த்து அவிழ்த்துவிட்டுத்தான் கயிறு இழுப்பான்.

போன மழைக்காலத்தில் புயல் வந்தது. சாயங்காலம் ஆம்பிளைகள் எல்லாம் போட்டுகளை மேட்டுக்கு இழுக்கப் போயிருந்தார்கள். கடல் தண்ணீர் தெருவுக்குள் வந்து வேன் டயரை நனைத்தது. விடிந்ததும் காற்று அடங்கியது. ஆனால் ஈரமும் குளிரும் ஏறி லோகநாயகிக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. மருந்து அடித்தும் அடங்கவில்லை. போனில் டவர் இல்லை. அவளை என் மடியில் போட்டுக்கொண்டேன். ராஜவேலு வண்டியைக் கிளப்பினான்.

கொஞ்ச தூரத்திலேயே சீட்டுக்கு அடியில் பட்டென்று ஒரு சத்தம். சுட்ட ஆயில் நாற்றம் குப்பென்று வந்தது. முன்னால் சிவப்பு லைட் எரிந்தது. இத்தனை நாள் அந்த வண்டியில் வந்தவளுக்கு அது ஆயில் லைட் என்று தெரியாதா? நிறுத்தினால் என்ஜின் பிழைக்கும். அவன் திரும்பி லோகநாயகியைப் பார்த்தான். ஆக்சிலேட்டரை மிதித்தான்.

திருப்பாலைவனம் தாண்டியதும் என்ஜின் ஒரே பிடியாகப் பிடித்து நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர், ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. போன இடுப்போடு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான் பாவி. கடைசியில் ஒரு டிராக்டர் வந்தது. ஏற்றும்போது அவளுக்கு உயிர் இருந்தது. பொன்னேரியில் இறக்கும்போது இல்லை.

அவளை எடுத்து அடக்கம் பண்ணிய பிறகு வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். அவன் வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். டீ கொண்டுபோய்க் கொடுக்கக் குனிந்தேன். பின்பக்க பைப்பின் வாயில் இறுக்கமாக ஒரு துணி. பச்சைச் சேலைக் கிழிசல். அதன்மேல் வலை நரம்பு சுற்றி, நனைய நனைய இறுகும் எங்கள் முடிச்சு. அந்தச் சேலை யாருடையது என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். போக வழியில்லாத கேஸ், என்ஜினில் ஆயில் கசியாமல் அடைத்திருக்கும் சீல் ஒன்றை உடைத்து ஆயிலை எல்லாம் வெளியே தள்ளிவிட்டது.

அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா! போட்டுக்குச் செய்வதைத்தானே வேனுக்கும் செய்தாள். வண்டியில் போகும்போது ஞாபகம் வந்திருந்தாலும் சொல்ல அவளிடம் மூச்சு இல்லை.

அவன் முடிச்சை அறுத்துத் துணியை இடுப்பில் சொருகிக்கொண்டான். "காவியாவுக்குத் தெரியக்கூடாதுக்கா" என்றான். காவியா அவன் மகள், பள்ளிக்கூடம் போகிற பெண். "அம்மாவே கட்டிச்சின்னு தெரிஞ்சா அது மனசு இன்னா ஆவும்?"

கருமாதி அன்று லோகநாயகியின் அண்ணன் ஹரிஹரன் வாசலில் நின்று கத்தினான். "வண்டியோட வந்த பைப்ப இன்னாத்துக்குடா புடுங்கினே? உன் கை அரிப்புக்கு என் தங்கச்சிதான் கெடச்சாளா? நீ கை வெச்சதாலதான்டா அவ செத்தா!"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயைத் திறந்துவிட்டேன். ராஜவேலு என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தான்.

"ஆமா மச்சான்" என்றான். "நான்தான்."

காவியா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்ப் பையை எடுத்துவந்து, ஹரிஹரன் பக்கத்தில் நின்றுகொண்டாள். "நான் மாமாவோடயே போறேன்" என்றாள். பஸ் ஏறும்வரை அப்பனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ராஜவேலு அந்தத் துணி இருந்த இடுப்பு மடிப்பைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான். என் ஆயுசில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது அன்றைக்கு ஒருநாள்தான்.