பதினோராம் விதியை வாசித்த நாள்

சனிக்கிழமை காலையில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நடக்கிற முதல் வேலை, ஒரு படத்தை மூடுகிறதுதான். மெல்பேர்ன் பக்கம் டண்டினொங்கில் இருக்கிற அந்தக் கட்டடம் எங்களுடையது இல்லை. கிழமை நாளில் அது அரசாங்கப் பள்ளிக்கூடம்; சனிக்கு மட்டும் நாங்கள் வாடகைக்கு எடுக்கிறோம். மண்டபச் சுவரில் அவர்கள் ஒரு வானவில் படம் ஒட்டியிருக்கிறார்கள். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் குடும்பமாக இருந்தாலும் இங்கே எல்லாரும் ஒன்று என்று அதற்குக் கீழே எழுதியிருக்கிறதாம். எங்கள் செயலாளர் ஏணி வைத்து ஏறி, அதற்கு மேல் உயிர்மெய் எழுத்து அட்டையைத் தொங்கவிடுவார். பின்னேரம் திரும்ப ஏறிக் கழற்றுவார். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் திங்கள் முதல் வெள்ளி வரை அந்தப் படத்துக்குக் கீழேதான் இருந்து சாப்பிடுகிறார்கள். சனிக்கிழமை மட்டும் அது அவர்களின் கண்ணில் படக்கூடாது. இதைச் செய்கிறவர் பெரிய படிப்புப் படித்த எஞ்சினியர்.

நான் அங்கே குசினியில் நிற்கிறவள். பால் விடாத பிளேன்ரி, பொரித்த றோல்ஸ், அவித்த கடலை. பதினைந்து வருடமாகிறது. ஊரில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். பெரிய அச்செழுத்து என்றால் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இதை எழுதுகிறதுகூட அப்படித்தான், ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் போகிறது. செயற்குழுவில் பட்டம் இல்லாத ஆள் கிடையாது. அன்ரிக்கு இதெல்லாம் விளங்காது என்று சொல்லிக்கொண்டு, என் குசினி ஜன்னலுக்கு முன்னால் நின்றே எல்லாவற்றையும் கதைப்பார்கள். ஆகவே அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தெரியாத விசயம் இல்லை.

ஒன்றைத் தவிர. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கட்டலாம் என்று கலியாணச் சட்டத்தை மாற்ற இந்த நாடு தபாலில் வாக்குப் போட்ட காலத்தில், எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம் பிடித்தது. இரவோடு இரவாகத் தங்கள் பிள்ளைகள் எல்லாம் மாறிவிடுவார்கள் என்பது போல ஓடித் திரிந்தார்கள். அந்த வருடப் பொதுக்கூட்டத்தில் ஆசிரியர் விதிகளில் பதினோராவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். நான் றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது எல்லாரும் கை தூக்கிக்கொண்டு நின்றார்கள். நானும் தூக்கினேன். எங்கள் கூட்டங்களில் வழக்கம் அதுதான். பக்கத்தில் இருக்கிறவரின் கை மேலே போனால் எங்களுடைய கையும் போகும். என்ன விதி என்று நான் கேட்கவில்லை.

என் இளைய மகள் அங்கே ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறாள். இரண்டு வருடம் கழித்து அவள்தான் எனக்குச் சொன்னாள், தான் ஒரு பெண்ணோடு வாழ்கிறாள் என்று. நான் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. வெளியில் சொல்லாதே என்று மட்டும் சொன்னேன். அதற்கு அவள், "அம்மா, பதினோராம் விதிக்கு நீங்களும் கை தூக்கினீங்களோ?" என்று கேட்டாள். அப்போதுதான் அந்த விதி அவளைப் போன்றவர்களைப் பற்றியது என்று எனக்குத் தெரிந்தது. நான் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டேன். செயற்குழுவை நான் எவ்வளவு கேவலமாக நினைக்கிறேனோ, அந்த நேரத்து என்னையும் அவ்வளவு கேவலமாகத்தான் நினைக்கிறேன்.

மகளோடு வாழ்கிற அந்தப் பிள்ளை மலேசியத் தமிழ்ப் பிள்ளை, ஆஸ்பத்திரியில் நேர்ஸ். சனிக்கிழமைகளில் மகளைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மூன்று மணித்தியாலம் காருக்குள்ளேயே இருப்பாள், மெல்பேர்ன் குளிரில். நான் தேத்தண்ணியைக் கடதாசிக் கோப்பையில் ஊற்றி, மூடி போட்டு, மகளிடம் கொடுத்துவிடுவேன். யாருக்கு என்று யாராவது கேட்டால், மகளுக்குத்தான் என்பேன்.

போன வருடம் வகுப்பில் குடும்பம் என்ற பாடம் நடந்தது. அங்கே படிக்கிற ஒரு சின்னப் பெட்டைப் பிள்ளை, மிஸ்ஸைக் காரில் கொண்டுவந்து விடுகிற அன்ரி யார் என்று கேட்டிருக்கிறாள். மகள் பொய் சொல்லவில்லை. அந்தப் பெட்டை சரி என்றுவிட்டு அடுத்த சொல்லை எழுதினாளாம். பத்து வயதுப் பிள்ளைக்கு அதோடு முடிந்தது. பெரியவர்களுக்கு முடியவில்லை. முறைப்பாடு கொடுத்தவரின் மகன் அந்த வகுப்பிலேயே இல்லை. மகளுக்குக் கடிதம் வந்தது: பதினோராம் விதியை மீறிவிட்டீர்கள், பொதுக்கூட்டம் முடிவெடுக்கும்வரை வகுப்புக்கு வரவேண்டாம். இந்த மாநிலத்தில் சமயப் பள்ளிக்கூடம்கூட ஒரு வாத்தியாரை இதற்காக நிறுத்த ஏலாதாம், மகள்தான் சொன்னாள். எங்கள் ஆட்கள் சட்டத்துக்கும் மேலே இருக்கிறவர்கள்.

கேள்வி கேட்ட பெட்டையின் தாய், கிரான்பர்னில் இருக்கிற ஒரு இளம் பிள்ளை, அந்த விதியையே எடுத்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். விதி போனால் மகள் வகுப்புக்குத் திரும்பலாம். விதி நின்றால் மகள் போகவேண்டும். கூட்டம் அதற்குத்தான்.

செயலாளர் பட்டிமன்றப் பேச்சாளர். அவரிடம் மைக்கைக் கொடுத்தால் திருப்பி வாங்க இரண்டு பேர் வேண்டும். அன்றைக்கு மட்டும் அவருக்கு அவசரம். பதினோராம் விதி இருக்கவேண்டும் என்கிறவர்கள் கை தூக்குங்கோ என்றார். முன்வரிசையில் ஒரு கை எழும்பியது. பக்கத்துக் கையும் அசைந்தது. நான் கை துடைக்கிற குசினித் துவாயோடு வந்து நடுவில் நின்றேன்.

"தம்பி, கொஞ்சம் பொறுங்கோ. அந்த விதியில என்ன எழுதியிருக்கெண்டு வாசியுங்கோ."

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே அன்ரி."

"எனக்குத் தெரியாது. நான் படிக்காதவள். போனமுறை வாசிக்காமலே கையைத் தூக்கிப்போட்டன்."

அது முழுப் பொய் இல்லை.

அவர் தாளை எடுத்தார். தொண்டையைச் செருமினார். தண்ணீர் குடித்தார். அந்த மாதிரியான விசயங்களை ஆசிரியர்கள் வகுப்பில் பேசக்கூடாது, அதுதான் சாரம் என்றார்.

"எந்த மாதிரி?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று செயலாளர் முணுமுணுத்தார். இருந்தது ஒரு கைக்குழந்தை, அதுவும் தள்ளுவண்டியில் நித்திரை. சாரம் வேண்டாம், எழுதினபடி வாசியுங்கோ என்றேன். அவர் தாளைத் தலைவரிடம் நீட்டினார். தலைவர் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன் என்றார். கண்ணாடி அவரின் சட்டைப் பையில் இருந்தது. எத்தனை மேடை, எத்தனை மாலை, எத்தனை பொன்னாடை! தாங்களே எழுதி, தாங்களே கையெழுத்து வைத்த இரண்டு வரியைச் சொல்ல அந்த மேசையில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

"எழுதின உங்களுக்கே வாய் வரேல்லை. பிறகு ஏன் அந்த விதி?" என்றேன்.

அப்போது மகள் எழும்பினாள். கடிதத்தோடு அனுப்பிய விதித்தாள் அவளுடைய கையில் இருந்தது. சொல்வதெழுதுதல் கொடுக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். "ஓரினச்சேர்க்கை, ஓரினச்சேர்க்கையாளர் குடும்பம் முதலியன பற்றி ஆசிரியர் எவரும் வகுப்பறையில் பேசலாகாது. மாணவர் வினவினும் விடையளித்தலாகாது."

கூரை விழவில்லை. குழந்தைகூட எழும்பவில்லை.

"ஒரு பிள்ளை கேட்டது," என்றாள் மகள். "என்ர துணைவி எண்டு சொன்னனான். அவ்வளவுதான்." சொல்லிவிட்டு இருந்துவிட்டாள்.

பிறகு விதி இருக்கவேண்டும் என்கிற கைகளை எண்ணிவிட்டு, எடுக்கவேண்டும் என்கிறவர்களைக் கேட்டார்கள். அந்த இளம் தாய்தான் முதலில் தூக்கினாள். நான் துவாயோடு சேர்த்துத் தூக்கினேன். மற்றவர்கள் வழக்கம்போலப் பக்கத்தைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவர்களும் பக்கத்தைப் பார்த்தார்கள். மெல்ல மெல்ல எழும்பின. கடைசியில் எங்கள் பக்கம் நான்கு கைகள் கூடுதல்; விதி போய்விட்டது. அந்த நான்கு பேரும் மனம் மாறினார்கள் என்று நான் நம்பவில்லை. எங்கள் பக்கம் கைகள் கூடுதலாகத் தெரிந்தன, தூக்கினார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல நான் போகவில்லை.

இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டு போய்விட்டன. அந்தப் பிள்ளைகள் மூன்று வருடமாக ஆனா ஆவன்னாவைத் தாண்டாதவர்கள்.

அடுத்த சனிக்கிழமை மகள் வகுப்புக்கு வந்தாள். செயலாளர் அட்டையும் ஏணியுமாகச் சுவருக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எதிர்ச்சுவரில் கொண்டுபோய்க் கொழுவினார். இடைவேளைக்கு மகளோடு வாழ்கிற அந்தப் பிள்ளை காரை விட்டு இறங்கி உள்ளே வந்தாள். நான் வரச்சொல்லியிருந்தேன். கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். செயலாளர் எந்த நாளும்போல வரிசையைப் பார்க்காமல், அவளுடைய தோளுக்கு மேலால் கையை நீட்டி, "அன்ரி, ஒரு பிளேன்ரி" என்றார்.

ஜன்னலில் இருபது பேராவது நின்றிருப்பார்கள். நான் கேத்தலைக் கீழே வைத்தேன்.

"பின்னால நில்லுங்கோ தம்பி. முதல்ல என்ர மருமகளுக்கு."

அவர் பின்னால் போய் நின்றார். அவளுக்குக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன், மூடி இல்லாமல். அவருடைய முறை வந்தபோது தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. நான் சூடாக்கிக் கொடுக்கவில்லை.